எதிர்பார்க்கப்படும் பிரசவ தேதி

எதிர்பார்க்கப்படும் பிரசவ தேதி என்பது, கர்ப்பிணிக்குக் குழந்தை பிறக்கக்கூடிய நாளை முன்கூட்டியே கணித்துக் குறிப்பதாகும். மருத்துவமனைச் சீட்டுகளில் இது சுருக்கமாக 'இ.டி.டி.' என எழுதப்படுகிறது. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் நிறைவடையும் நாளே இந்தத் தேதி. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள் 'எல்.எம்.பி.' எனப்படும்.

குறித்த நாளிலேயே குழந்தை பிறந்துவிடும் என்பது இதன் பொருளன்று. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்து குழந்தைகளே அந்த நாளில் பிறக்கின்றன. பெரும்பாலான குழந்தைகள் 37 வாரம் முடிந்து 42 வாரம் முடிவதற்குள் பிறக்கின்றன. அப்படியானால் இந்தத் தேதி எதற்கு என்ற கேள்வி எழலாம். பிரசவ தேதி உறுதியானால்தான், கருவுக்கு இன்று எத்தனை வாரம் என்பது உறுதியாகும். எந்த வாரத்தில் எந்தப் பரிசோதனை, குழந்தை வயதுக்கேற்ற வளர்ச்சியில் உள்ளதா, வலி இப்போதே வந்தால் அது குறைப்பிரசவமா என்பனவற்றையெல்லாம் இந்த வயதைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்கிறார். எனவே இந்தத் தேதியைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஒருமுறை சரியாகக் குறித்து, பிறகு மாற்றாமல் வைத்திருப்பது முக்கியம்.

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மீனவர் குடும்பங்களும், துறைமுகம் மற்றும் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்களும், வெளிமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழ்கின்றன. தேதி கணிப்பின் எல்லா முறைகளும், அவற்றில் நேரும் எல்லாச் சிக்கல்களும் இப்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டால் எளிதில் விளங்கும்.

பத்து மாதமா, ஒன்பது மாதமா?

'பத்து மாதம் சுமந்து பெற்றவள்' என்பது தமிழர் வழக்கு. மருத்துவர்களோ ஒன்பது மாதம் ஏழு நாள் என்கிறார்கள். இரண்டும் முரண்பட்டவை அல்ல. 28 நாட்கள் கொண்ட மாதவிடாய்ச் சுழற்சியை ஒரு மாதமாகக் கொண்டால், பத்து மாதம் என்பது சரியாக 280 நாட்கள். ஆங்கில நாட்காட்டியின் 30, 31 நாள் மாதங்களில் கணக்கிட்டால் அதே காலம் ஒன்பது மாதமும் சில நாட்களும் ஆகிறது.

வீட்டுக் கணக்குக்கும் மருத்துவமனைக் கணக்குக்கும் இடையே வேறொரு வேறுபாடு உண்டு. கர்ப்பமாக இருப்பதை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சொல்வது வழக்கம். மாதவிடாய் வந்து தலைமுழுகும் நாள் வராமல் போனதே இதன் பொருள். இதனால் சில வீடுகளில் நாள் தள்ளிப்போனதிலிருந்து மாதத்தை எண்ணத் தொடங்குகிறார்கள். மருத்துவமனையிலோ அதற்கு முந்தைய மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 'நாள் தள்ளி ஒரு மாதம்தான் ஆகிறது' என்று வீட்டில் சொல்லும்போது மருத்துவச் சீட்டில் 8 வாரம் என்று இருப்பது இதனால்தான். மாமியார் சொல்லும் மாதத்துக்கும் செவிலியர் சொல்லும் மாதத்துக்கும் வேறுபாடு இருந்தால், முதலில் எங்கிருந்து எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும்.

மருத்துவக் கணக்கிலும் ஒரு விந்தை உண்டு. 28 நாள் சுழற்சியில் கருமுட்டை வெளிப்படுவது ஏறத்தாழ 14ஆம் நாளில். ஆகவே கணக்கின் முதல் இரண்டு வாரங்களில் கரு உருவாகியே இருப்பதில்லை. கரு உருவாகும் நாள் பெரும்பாலோருக்குத் தெரியாது. மாதவிடாய் வந்த நாள் தெரியும். ஆதலால் தெரிந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உருவான நாளிலிருந்து எண்ணினால் 266 நாட்கள், அதாவது 38 வாரங்கள்.

நேகெலே விதி

உலகெங்கும் பயன்படும் எளிய விதி, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பேராசிரியராக இருந்த மகப்பேறு மருத்துவர் பிரான்ஸ் கார்ல் நேகெலே (1778–1851) என்பவரின் பெயரால் வழங்குகிறது. இதன் அடிப்படைக் கருத்தை அவருக்கு முன்பே ஹாலந்து மருத்துவர் ஹெர்மன் போர்ஹாவே கூறியிருந்தார். விதி இதுதான்: கடைசி மாதவிடாயின் முதல் நாளுடன் ஒன்பது மாதத்தையும் ஏழு நாட்களையும் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டு 1: கடைசி மாதவிடாய் 2024 ஏப்ரல் 10 அன்று தொடங்கியது எனக் கொள்வோம். ஒன்பது மாதம் கூட்டினால் 2025 ஜனவரி 10. ஏழு நாள் கூட்டினால் 2025 ஜனவரி 17.

எடுத்துக்காட்டு 2: கடைசி மாதவிடாய் 2024 ஜூன் 25. ஒன்பது மாதம் கூட்டினால் 2025 மார்ச் 25. ஏழு நாள் கூட்டினால் 2025 ஏப்ரல் 1.

முதல் எடுத்துக்காட்டில் நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் 282 நாட்கள் வரும். இரண்டாவதில் சரியாக 280 வரும். மாதங்களின் நாட்கள் சமமாக இல்லாததால் இந்த விதி 280 முதல் 283 நாட்கள் வரை தரும். கைபேசிச் செயலி காட்டும் தேதியும் செவிலியர் விரல்விட்டு எண்ணிய தேதியும் ஓரிரு நாள் வேறுபடுவதற்கு இதுவே காரணம். இதனால் கவலைப்பட ஒன்றுமில்லை.

மாதவிடாய்ச் சுழற்சி 28 நாளுக்குப் பதில் வேறாக இருந்தால் கணக்கைத் திருத்த வேண்டும். ஒழுங்காக 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்குக் கருமுட்டை ஏழு நாள் தாமதமாக வெளிப்படும். ஆகவே முதல் எடுத்துக்காட்டில் பிரசவ தேதி ஜனவரி 24 ஆகும். மாதவிடாய் ஒழுங்கற்று வருபவர்கள், கருத்தடை மாத்திரையை அண்மையில் நிறுத்தியவர்கள், தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாய் திரும்பாமலே மீண்டும் கருவுற்றவர்கள் ஆகியோருக்கு இந்த விதி பொருந்தாது.

நினைவில் இல்லாத தேதியைக் கண்டுபிடித்தல்

விதி எளிது, தொடக்கத் தேதியை நினைவுகூர்வதே கடினம். வேலைக்குச் செல்லும் பெண்களும், மூன்று நான்கு பேருக்குச் சமைத்துப் போடும் பெண்களும் இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியை நினைவில் வைத்திருப்பது அரிது. 'எப்போது?' என்று கேட்டால் 'மாசக் கடைசி' என்றோ 'பத்தாம் தேதி வாக்கில்' என்றோ பதில் வரும். இப்படிக் கிடைக்கும் தேதிகள் 1, 5, 10, 15 என முழு எண்களாக அமைந்துவிடுகின்றன.

தேதி நினைவில்லாதவருக்கும் நிகழ்ச்சிகள் நினைவில் இருக்கும். வடசென்னையில் இதற்கு உதவும் அடையாளங்கள் பல உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். காசிமேட்டில் படகுகள் கரையேறி நிற்கும் அந்த நாட்களை எந்த மீனவர் வீடும் மறப்பதில்லை. 'தடைக்காலம் தொடங்கிய அன்றா, அதற்கு முன்பா?' என்று கேட்டால் பலருக்கு விடை சொல்ல முடியும். தொடங்கிய அன்று என்றால் ஏப்ரல் 15. பிரசவ தேதி ஜனவரி 22. பொங்கல், திருவொற்றியூர்க் கோயிலின் மாசித் திருவிழா, ஜூன் 29இல் வரும் புனித பேதுரு திருநாள், பள்ளி திறப்பு, சம்பள நாள் என்பனவும் இவ்வாறே பயன்படும். ரம்ஜான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகர்வதால், அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிமாநிலப் பெண்களிடம் அவர்கள் ஊர்ப் பண்டிகையைக் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

கேட்கும்போது இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். சிலர் தலைக்குக் குளித்த நாளையே மாதவிடாய் நாளாகச் சொல்வார்கள். அது மூன்றாம் நாளாகவோ ஐந்தாம் நாளாகவோ இருக்கலாம். கணக்குக்குத் தேவையானது உதிரப்போக்கு தொடங்கிய முதல் நாள்.

உடலைப் பார்த்து அறிதல்

ஸ்கேன் வருவதற்கு முன் மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் உடலில் தெரியும் மாற்றங்களைக் கொண்டே வாரத்தைக் கணித்தனர். ராயபுரத்தில் 1880இல் தொடங்கப்பட்ட ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை, எழும்பூரில் 1844இல் தொடங்கப்பட்ட மகப்பேறு மருத்துவமனை ஆகிய இரண்டும் நூறாண்டுக்கு மேல் ஸ்கேன் கருவி இல்லாமலே தாய்மாரைக் கவனித்தவை. மக்கள் 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' என அழைக்கும் ராயபுரம் மருத்துவமனை இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்துள்ளது.

அந்த அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன. கருப்பையின் மேல்விளிம்பு ஏறத்தாழ 12ஆம் வாரத்தில் இடுப்பு எலும்புக்கு மேலே கைக்குத் தட்டுப்படும். 20 முதல் 24 வாரத்துக்குள் தொப்புள் மட்டத்தை எட்டும். 36ஆம் வாரத்தில் மார்பெலும்பின் கீழ்முனை வரை உயரும். 24 வாரத்துக்குப் பிறகு, நாடாவால் அளந்தால் வரும் சென்டிமீட்டர் எண் வார எண்ணுக்கு நெருக்கமாக இருக்கும். குழந்தையின் அசைவை முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்திலும், அடுத்தடுத்த கர்ப்பங்களில் சற்று முன்னதாகவும் தாய் உணர்கிறாள். இரட்டைக் குழந்தை, பனிக்குட நீர் மிகுதி அல்லது குறைவு, கருப்பைக் கட்டி, உடற்பருமன் ஆகியவை இருந்தால் இந்த அளவுகள் தவறான வாரத்தைக் காட்டும்.

ஸ்கேன் மூலம் கணித்தல்

ஒலி அலைகளைக் கொண்டு கருவைப் பார்க்கும் முறையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் 1958இல் அறிவித்தனர். அதே நகரைச் சேர்ந்த ஹியூ ராபின்சன், கருவின் தலையுச்சி முதல் பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறையை 1973இல் வெளியிட்டார். இன்றும் முதல் மூன்று மாதங்களில் இதுவே மிகச் சரியான முறை.

காரணம் எளியது. முதல் 13 வாரங்களில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. தாய் உயரமானவரா குட்டையானவரா, நன்றாக உண்டவரா என்பதெல்லாம் அப்போது பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. ஆகவே அளவைப் பார்த்து வயதைச் சொல்லலாம். பிழை 5 முதல் 7 நாட்களுக்குள் இருக்கும். பிறகு தலை, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் ஆகியவற்றை அளக்கிறார்கள். மாதங்கள் செல்லச் செல்ல ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் வளர்வதால் பிழை பெருகுகிறது. கடைசி மூன்று மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் 21 நாட்கள் வரை முன்பின்னாகக் காட்டலாம்.

மாதவிடாய்த் தேதியும் ஸ்கேன் தேதியும் வேறுபட்டால் எதை ஏற்பது என்பதற்கு மருத்துவ அமைப்புகள் வரம்புகள் வகுத்துள்ளன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதலில், வேறுபாடு கீழ்க்கண்ட அளவைத் தாண்டினால் மட்டுமே ஸ்கேன் தேதி ஏற்கப்படுகிறது.

8 வாரம் 6 நாள் வரை: 5 நாட்கள்
9 வாரம் முதல் 15 வாரம் 6 நாள் வரை: 7 நாட்கள்
16 வாரம் முதல் 21 வாரம் 6 நாள் வரை: 10 நாட்கள்
22 வாரம் முதல் 27 வாரம் 6 நாள் வரை: 14 நாட்கள்
28 வாரம் முதல்: 21 நாட்கள்

ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கையின் அடியிலும் ஒரு பிரசவ தேதி அச்சிடப்பட்டிருக்கும். மூன்று ஸ்கேன் எடுத்தால் மூன்று தேதிகள் கிடைக்கும். தேதி தள்ளிப்போகிறது என்று குடும்பத்தினர் குழம்புவது இங்கேதான். முதல் ஸ்கேனை ஒட்டி மருத்துவர் உறுதி செய்த தேதியே சரியான தேதி. பின்னாளைய ஸ்கேன்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பார்ப்பதற்காக எடுக்கப்படுபவை.

செயற்கைக் கருத்தரிப்பில் கணக்கு இன்னும் துல்லியமானது. ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்திருந்தால், அந்த நாளுடன் 261 நாட்களைக் கூட்டினால் போதும்.

இந்தியாவில் ஸ்கேன் மூலம் குழந்தை ஆணா பெண்ணா எனக் கண்டறிவதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தாமதமான ஸ்கேனும் சிறிய குழந்தையும்

தேதி கணிப்பில் நேரும் பெரும் ஆபத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பெண்ணின் மாதவிடாய்க் கணக்குப்படி 34 வாரம். இதற்கு முன் ஸ்கேன் எடுத்ததில்லை. இப்போது எடுத்த ஸ்கேனில் குழந்தையின் அளவு 30 வாரத்துக்கு உரியதாக உள்ளது. இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்க முடியும். ஒன்று, தாய் சொன்ன தேதி தவறு. குழந்தைக்கு உண்மையிலேயே 30 வாரம்தான். மற்றொன்று, தேதி சரி. குழந்தைதான் போதிய ஊட்டம் கிடைக்காமல் வளர்ச்சி குன்றியிருக்கிறது. முதலாவது என்றால் காத்திருக்கலாம். இரண்டாவது என்றால் உடனே நெருங்கிய கண்காணிப்பு தேவை, காத்திருப்பதே ஆபத்தாகலாம்.

ஸ்கேன் கருவி குழந்தையின் வயதை அளப்பதில்லை, அளவை அளக்கிறது. அளவை வயதாக மாற்றுவது அதற்குள் இருக்கும் சூத்திரம். சிறிய குழந்தையை அது இளைய குழந்தை என்றே காட்டும். தாய்க்கு இரத்தசோகையோ உயர் இரத்த அழுத்தமோ இருக்கும்போது குழந்தை சிறுத்துப்போக வாய்ப்பு அதிகம். எனவே தாமதமாகப் பதிவு செய்பவர்களிடம் இந்தக் குழப்பம் பெரிதும் பாதிப்பை உண்டாக்குகிறது. 12 வாரத்துக்குள் எடுத்த ஒரே ஒரு ஸ்கேன் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

குறைப்பிரசவத்திலும் இதே நிலைதான். 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி வந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. வாரம் தெரியாவிட்டால் அந்த ஊசி தேவையா இல்லையா என்று முடிவெடுப்பது கடினம். மறுபக்கம், 41 வாரத்தைத் தாண்டும்போது பிரசவத்தைத் தூண்டுவது பற்றி மருத்துவர் ஆலோசிப்பார். தேதி தவறாக இருந்தால் தேவையற்ற தூண்டலும் நேரலாம்.

இந்தியக் குழந்தைகளுக்கான சூத்திரம்

பெரும்பாலான ஸ்கேன் கருவிகளில் உள்ள சூத்திரம், அமெரிக்காவின் பிராங்க் ஹாட்லாக் 1984இல் வெளியிட்டது. அமெரிக்கப் பெண்களிடம் எடுத்த அளவுகளால் ஆனது. இது இந்தியக் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்ற ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி.யும், பரீதாபாத்தில் உள்ள மத்திய அரசின் டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் ஈடுபட்டன. குருகிராம் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கண்காணித்துத் திரட்டிய தரவுகளைக் கொண்டு, 'கர்ப்பிணி-ஜிஏ2' என்ற சூத்திரத்தை உருவாக்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தன. இரண்டாம், மூன்றாம் மூன்று மாதக் கட்டங்களுக்கான இந்தச் சூத்திரம், தென்னிந்தியப் பெண்களின் தரவுகளிலும் சோதிக்கப்பட்டது. பழைய சூத்திரத்தைவிடப் பிழை ஏறத்தாழ மூன்று மடங்கு குறைந்ததாக ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. நாக்பூர் உட்பட உலகின் எட்டு இடங்களில் நடந்து 2014இல் வெளியான 'இன்டர்குரோத்-21' ஆய்வு, நல்ல உணவும் உடல்நலமும் உள்ள தாய்மாரின் குழந்தைகள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கின்றன என்று காட்டியது. அப்படியானால் குழந்தை சிறுத்திருப்பதற்கு இனத்தைவிடத் தாயின் வாழ்நிலையே பெரிய காரணம். சூத்திரம் எதுவானாலும் முதல் மூன்று மாத ஸ்கேனுக்கு அது மாற்றாகாது.

பதிவும் உரிமைகளும்

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் 'பிக்மி' எனப்படும் இணையத் தளத்தில் பதிவு செய்யப்பட்டு, 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. பதிவில் கடைசி மாதவிடாய்த் தேதி கேட்கப்படும். ராயபுரமும், 2011 முதல் திருவொற்றியூரும் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் பெருநகர சென்னை மாநகராட்சிக்குள் இருப்பதால், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்திலும் 12 வாரத்துக்குள் பதிவு செய்வது வலியுறுத்தப்படுகிறது.

தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பணிபுரிவோருக்கு இந்தத் தேதி உரிமையின் அளவுகோல். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பை வழங்கியது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். முதல் எடுத்துக்காட்டில் உள்ள பெண் (ஜனவரி 17) 2024 நவம்பர் 22 முதல் விடுப்பில் செல்லலாம். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் பணிசெய்திருக்க வேண்டும் என்ற தகுதியும் இந்தத் தேதியிலிருந்தே பின்னோக்கி எண்ணப்படுகிறது. ஆகவே மருத்துவர் எழுதித்தந்த தேதிச் சான்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

திருமணமான பெண்கள் மாதவிடாய் தொடங்கும் நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது மிகச் சிறந்த பழக்கம். நாள் தள்ளிப்போனால் சில நாட்களிலேயே பரிசோதனை செய்து, 12 வாரத்துக்குள் பதிவும் முதல் ஸ்கேனும் முடிக்க வேண்டும். முதல் ஸ்கேன் அறிக்கையைப் பிரசவம் வரை எங்கு சென்றாலும் உடன் கொண்டு செல்ல வேண்டும். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குச் செல்லும் பெண்கள் வேறு ஊர் மருத்துவரிடம் காட்டும்போது, அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

குறித்த தேதிக்கு நாள் இருக்கிறது என்று எதையும் தள்ளிப்போடக் கூடாது. பனிக்குடம் உடைந்தாலோ, உதிரப்போக்கு இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியும் பார்வை மங்கலும் ஏற்பட்டாலோ எந்த வாரமானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 108 எண்ணை அழைக்கலாம். தேதி கடந்தும் வலி வராவிட்டால் வீட்டில் காத்திருக்காமல், மருத்துவர் சொன்ன நாளில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.